வான் கூரையில ரீவி அன்ரனா: எங்கட ரோட்டுக்கும் எங்கட ரவருக்கும் ஏத்த மாதிரி

பயணம் போய்த் தங்கிற வான் வாகனத்துக்கு மேல ரீவி அன்ரனா பூட்டப் போறன் எண்டு சொன்னா எல்லாரும் முதல் கேக்கிறது எந்த அன்ரனா நல்லம் எண்டுதான். என்னைக் கேட்டா அது கடைசியா யோசிக்க வேண்டிய விசயம். ரீவி அலை அனுப்புற ரவர் எந்தப் பக்கம் நிக்குது, அன்ரனாவை எவ்வளவு தூக்கலாம், அங்கயிருந்து ரீவி வரைக்கும் வாற கேபிள் என்ன கேபிள், கேபிள் உள்ள போற இடத்தால மழைத்தண்ணி போகாம எப்பிடி அடைக்கிறது, இந்த நாலும் சரியா வந்திட்டா கடையில தொங்குற விலை குறைஞ்ச அன்ரனாவே வடிவாப் படம் காட்டும். இதில ஒண்டு பிழைச்சா வெளிநாட்டில இருந்து இறக்கின சாமானெண்டாலும் புள்ளி புள்ளியாத்தான் காட்டும்.

போனிலயே எல்லாம் பாக்கலாமே, ஏன் இன்னும் ரீவி எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம். எங்கட வான்ல வாறது நானும் தம்பியும் மட்டுமில்லை, அப்பா அம்மாவும் வருவினம். அப்பாவுக்கு இரவுச் செய்தி வேணும், அதுவும் கையில பிடிச்சுக் கொண்டு பாக்கிற சின்னத் திரையில இல்லை, கதிரையில சாஞ்சு இருந்து பாக்கிற மாதிரி. அம்மாவுக்குக் கண் ஒபரேசன் செய்தது, போன் வெளிச்சம் கனநேரம் பாக்கேலாது. கொழும்பு தாண்டி, புத்தளம் தாண்டி, காட்டு ரோட்டுக்குள்ள போகேக்க டேற்றா வந்து வந்து போகும், ஒரு கிரிக்கெட் மட்ச் நேரம் கடற்கரை முழுக்கச் சனம் நிண்டா அதுவும் இழுபடும். ரீவி ரவர் அப்பிடி இல்லை, ஒராள் பாத்தாலும் ஒரு லட்சம் பேர் பாத்தாலும் அது அனுப்புற அலை அதேதான், காசும் கேக்காது. அரச ரீவி ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல தொடங்கினது, அதுக்கு முதல் 1979 இல ஐரீஎன், பிறகு 1998 இல சக்தி, 2009 இல வசந்தம், நேத்ராவும் இருக்கு. இவ்வளவும் தலைக்கு மேலால சும்மா போய்க்கொண்டு இருக்கேக்க அதைப் பிடிக்கிறதுக்கு ஒரு கம்பியை ஒழுங்காத் தூக்கிப் பிடிக்கிறதில என்ன கஷ்டம்?

எங்கட வான் ஜப்பானில இருந்து வந்த றீகண்டிஷன் ஹையேஸ், உயரக் கூரை உள்ளது. பின்னால சீற் எல்லாம் கழட்டிப் போட்டு ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேசை, 100 அம்பியர் அவர் பற்றரி ஒண்டு. முன்னுக்கு டாஷ்போட்டில ஜப்பான் செற் ஒண்டு ஏற்கனவே இருந்தது, அதில ரீவி எண்டும் ஒரு பட்டன் இருக்கு, அமத்தினா ஜப்பான் எழுத்தில ஏதோ சொல்லும், ஒண்டும் வராது. றீகண்டிஷன் வாகனம் வச்சிருக்கிற கன பேருக்கு இது தெரிஞ்ச கதை. முன் கண்ணாடியின்ர மேல் மூலையில மெல்லிய கோடு கோடா ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும் பாருங்கோ, அதுதான் அந்த ரீவியின்ர அன்ரனா. அதுக்கு இஞ்ச ஒண்டும் வராததுக்குக் காரணம் அன்ரனா பழுதெண்டில்லை. ஜப்பான் 2011 யூலை 24 ஓட அனலொக் எண்ட பழைய ஒளிபரப்பு முறையை நிப்பாட்டி ஐஎஸ்டிபி-ரி எண்ட டிஜிற்றல் முறைக்குப் போயிட்டுது (பூகம்பம் அடிச்ச மூண்டு மாகாணங்களுக்கு மட்டும் அடுத்த வருசம் மார்ச் வரை தவணை குடுத்தவை), எங்கட ரவர் அனுப்புறது பால் (PAL) எண்ட முறை அனலொக், அந்தச் செற்றுக்கு அது விளங்காது.

இந்த இடத்தில ஒரு விசயத்தைத் தெளிவாப் பிரிச்சு வச்சுக்கொள்ளோணும், ஏனெண்டா கடையில கதைக்கேக்க எல்லாத்தையும் ஒண்டாக் குழப்பி விடுவினம். முறை எண்டது ரீவிக்குள்ள இருக்கிற, அலையைப் படமாக்கிற ரியூனரின்ர பிரச்சினை. அன்ரனாவுக்கு டிஜிற்றலும் தெரியாது அனலொக்கும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது ஜப்பானும் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது அலையின்ர நீளம் மட்டும்தான். "டிஜிற்றல் அன்ரனா", "எச்டி அன்ரனா" எண்டு பெட்டியில போட்டிருக்கிறதுக்குக் கூடக் காசு குடுக்கத் தேவையில்லை. ஆனா ரீவியைப் பாத்து எடுக்கோணும். கனடா, அமெரிக்காவில இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து தாற ரீவி இஞ்சத்த அலையைப் பிடிக்காமலே போகலாம், இஞ்ச கடையில விக்கிற சின்ன எல்ஈடி ரீவிகளில பால் பி/ஜி ரியூனர் இருக்கும், அதுவே காணும்.

எனக்கு இந்த அறிவெல்லாம் முதல் வந்தது ரொறன்ரோவில இருக்கிற மச்சானிட்ட இருந்து. அவை வீட்டில ஒரு ஆர்வி வச்சிருக்கினம், வீடு மாதிரிப் பெரிய வாகனம், கூரையில வௌவால் செட்டை விரிச்ச மாதிரி ஒரு அன்ரனா. வைன்காட் கொம்பனியின்ர சென்சார் எண்டு பேர், அங்க கனகாலமா கூடுதலான ஆர்விகளில இருந்தது அதுதான். உள்ளுக்கிருந்தே சீலிங்கில ஒரு கைபிடியைச் சுத்தினா மேல எழும்பும், ஒரு வளையத்தைத் திருப்பினா திசை மாறும், தலைக்குள்ளயே சிக்னலைப் பெருக்கிற 12 வோல்ட் பூஸ்டர். இப்ப புதுசா வாற ஆர்விகளில ஏயர் 360 மாதிரி வட்டத் தட்டுகள் வருது, அதைத் தூக்கவும் தேவையில்லை திருப்பவும் தேவையில்லை, எல்லாப் பக்கமும் பிடிக்கும் எண்டு விக்கிறது.

பாத்த உடன எனக்கும் தட்டுத்தான் ஆசை. பாக்க வடிவு, ஓடேக்க மரத்தில தட்டாது. ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா எங்கட நாட்டுக்கு அது சரிவராது. ரூபவாஹினி தொடக்கத்தில இருந்தே வீஎச்எஃப் இல போறது, அதாவது 174 இல இருந்து 230 மெகாஹேட்ஸ் வரைக்கும் இருக்கிற பகுதி. பிறகு வந்த சனல்கள் கனக்க யூஎச்எஃப், 470 க்கு மேல. 200 மெகாஹேட்ஸ் அலையின்ர நீளம் ஒன்றரை மீற்றர், அதை நல்லாப் பிடிக்க அதில அரைவாசி, 75 சென்ரிமீற்றர் அளவில ஒரு கம்பி வேணும். 600 மெகாஹேட்ஸ் எண்டா 25 சென்ரிமீற்றரே காணும். அப்ப சோத்துக் கோப்பை அளவில ஒரு தட்டுக்குள்ள யூஎச்எஃப் நல்லா அடங்கும், வீஎச்எஃப் அரைகுறையாத்தான் வரும். அமெரிக்காவிலயும் இதே பிரச்சினை மறுபக்கமா வந்தது, அங்க 2009 யூன் 12 இல அனலொக் நிண்ட பிறகு கனக்க ஸ்ரேசன் யூஎச்எஃப் இல ஒளிபரப்பத் தொடங்கினபடியா, பழைய செட்டை அன்ரனாவுக்கு யூஎச்எஃப் கூட்டுறதுக்கெண்டே விங்மான் எண்டு ஒரு துண்டு செய்து வித்தவை. எங்களுக்கு இன்னும் ரெண்டும் வேணும். பெரிய கம்பியும் சின்னக் கம்பியும் கலந்த, வீட்டுக் கூரைகளில நாங்கள் பாத்துப் பழகின அதே மீன்முள் அன்ரனாதான் இஞ்சத்த ரோட்டுக்குச் சரி. கொஞ்சம் சின்னதா, மடக்கக் கூடியதா இருந்தா நல்லம்.

மற்றது, எல்லாப் பக்கமும் பிடிக்கிற அன்ரனா எந்தப் பக்கத்தையும் வலுவாப் பிடிக்காது. திசை பாத்து வைக்கிற அன்ரனா காதுக்குப் பின்னால உள்ளங்கையைக் குவிச்சு வச்சுக் கேக்கிற மாதிரி, முன்னுக்கு வாறது கூடக் கேக்கும், பின்னாலயும் பக்கத்தாலயும் வாறது குறையும். கொழும்பில இந்தக் குறையிறதுதான் பெரிய உதவி. கொள்ளுப்பிட்டிப் பக்கம், காலிமுகத்திடல் பக்கம் எழும்பியிருக்கிற உயரக் கட்டடங்களில அலை பட்டுத் தெறிச்சு, நேர வாற அலைக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேரும், அதுதான் அனலொக் படத்தில ஆக்களுக்குப் பக்கத்தில நிழல் மாதிரி இன்னொரு ஆள் தெரியிறது. பூஸ்டர் போட்டா அந்த நிழலும் சேந்து பெருக்கும். திசையைத் திருப்பினாத்தான் போகும்.

இப்ப ரவர். இதுதான் எனக்கு இந்த வேலையில மிச்சம் பிடிச்ச பகுதி, நாட்டு வரைபடம் ஒண்டை வச்சு மணித்தியாலக் கணக்கா இருந்திருக்கிறன். நாட்டின்ர உயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர், ரூபவாஹினியின்ர பெரிய ரவர் அங்கதான். ரேடியோ அலை எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு ஒரு லேசான கணக்கு இருக்கு: உயரத்தை மீற்றரில எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12 ஆல பெருக்கினா கிலோமீற்றர் வரும், ரவருக்கும் அன்ரனாவுக்கும் தனித்தனியாச் செய்து கூட்டோணும். பிதுருதலாகலவுக்கு 207 கிலோமீற்றர் அளவில வருது. நிலத்தில இருந்து 5 மீற்றரில நிக்கிற எங்கட அன்ரனாவுக்கு 9. கூட்டினா 216. கொழும்பில இருந்து அந்த மலை நேர கிழக்க, 100 கிலோமீற்றர். அறுகம்பேயில இருந்து மேற்க, 120 க்குள்ள. கல்பிட்டியில இருந்து தென்கிழக்க 175 அளவில, திருகோணமலையில இருந்து தெற்குத் தென்மேற்கா 180. எல்லாம் கணக்குக்குள்ள வருது. யாழ்ப்பாணம் மட்டும் வராது, 305 கிலோமீற்றர், பூமி வளைஞ்சு மறைச்சிடும்.

அங்கதான் கொக்காவில் வருது. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில ஏ9 ரோட்டோட நிக்கிற கோபுரம். முதல் அங்க ரூபவாஹினியின்ர ரவர் நிண்டது, 1990 இல யுத்தத்தில அழிஞ்சது, பிறகு 2011 யூனில 174 மீற்றர் உயரத்தில புதுசாக் கட்டித் திறந்தது. 174 க்குக் கணக்குப் போட்டா 54 கிலோமீற்றர், எங்கட 9 ஐக் கூட்டினா 63, யாழ்ப்பாண ரவுண் கிட்டத்தட்ட 60 இல இருக்கு. எல்லையின்ர விளிம்பில நிக்குது எண்டு விளங்குதுதானே? அதாலதான் வடக்கில வான் நிப்பாட்டேக்க வடிவா வெளியான இடமாப் பாத்து, அன்ரனாவைத் தென்கிழக்க திருப்பி, பூஸ்டரும் போட வேண்டி வருது. அந்த நாளில யாழ்ப்பாணத்து வீடுகளில கமுகு உயரத்துக்குப் பைப் நட்டு வச்சிருந்ததும் அப்பிடியான தேவையாலதான், 80களில அந்தப் பைப்புகள் பாத்தது வடக்க, கடலுக்கு அங்கால தூரதர்ஷனை. வெக்கை நாளில காத்தில்லாத பின்னேரத்தில கடலுக்கு மேல சூடான காத்துப் படை ஒண்டு மூடி நிக்கும், அலை அதுக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு கன தூரம் வரும், அப்ப படம் பளிச்செண்டு இருக்கும் எண்டு அப்பா சொல்லுவார். இப்ப இந்தியாவில அனலொக்கை அனேகமா நிப்பாட்டியாச்சு, அந்தப் பக்கம் திருப்பி ஒண்டும் கிடைக்காது, எஃப்எம் ரேடியோ மட்டும் அதே மாதிரி நாளில இப்பவும் வந்து விழும்.

அந்தக் கணக்கில இன்னொண்டும் கவனிச்சனான். வான் கூரை நிலத்தில இருந்து 2.3 மீற்றர், அதில சும்மா வச்சாலே 6 கிலோமீற்றர் வருது, 5 மீற்றருக்குத் தூக்கினா 9. கூடினது 3 கிலோமீற்றர்தான். அப்ப ஏன் இந்தத் தூக்கல் எல்லாம் எண்டு நீங்கள் கேக்கலாம். அடிவானத்துக்காக இல்லை, ரெண்டு வேற காரணம். ஒண்டு, பக்கத்தில நிக்கிற மதில், கடை, பற்றை, மற்ற வாகனம் எல்லாத்துக்கும் மேலால பாக்கோணும். மற்றது, இதுதான் ஒருத்தரும் சொல்லாதது, எங்கட வான் கூரை இரும்புத் தகடு. படுக்கையாக் கம்பி உள்ள அன்ரனாவை இரும்புக்கு ஒட்டின மாதிரி வச்சா, தகட்டில பட்டுத் தெறிக்கிற அலை நேர வாற அலையை அடிச்சு நூத்திடும். அரை அலை நீளமாவது இடைவெளி வேணும், வீஎச்எஃப் எண்டா 75 சென்ரிமீற்றர், கூட எண்டா இன்னும் நல்லம். அமெரிக்க ஆர்வியின்ர கூரை கூடுதலா றபர் இல்லாட்டி பைபர்கிளாஸ், கீழ மரப்பலகை, அதாலதான் அங்க அன்ரனாவைக் கூரைக்குக் கிட்ட வச்சாலும் ஓரளவு தப்புது. அவையின்ர வீடியோவைப் பாத்து எங்கட ஹையேசில அதே மாதிரிச் செய்யேலாது.

அதால நான் எடுத்த முடிவு, கூரையில ஓட்டையே போடுறேல்லை. பின் கதவுக்குப் பக்கத்தில கூரைக்கு ஏறுற இரும்பு ஏணி ஒண்டு ஏற்கனவே பூட்டியிருந்தது, பஞ்சிகாவத்தையில எடுத்தது. அந்த ஏணியில ரெண்டு இடத்தில யூ போல்ற் போட்டு, ஒண்டுக்குள்ள ஒண்டு போற அலுமினியம் பைப்பை நிறுத்திறது, நிப்பாட்டின பிறகு இழுத்து உயத்திறது, வெளிக்கிடேக்க இறக்கி, அன்ரனாவைக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறது. கூரையிலயே நிரந்தரமா இருக்கோணும் எண்டு நினைக்கிற ஆக்களும் இருக்கினம், அது பிழை எண்டு சொல்லேல்ல, ஆனா எங்கட ரோட்டில மாமரக் கொப்பும் கேபிள் வயரும் தொங்குற தொங்கலுக்கு ஒரு வருசம் தாங்காது எண்டது என்ர அபிப்பிராயம்.

அன்ரனா எடுத்தது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில. கடைக்காரர் முதல் காட்டினது மோட்டரில தானே சுத்துற ஒண்டு, சின்ன றிமோட்டும் இருக்கு. "தங்கச்சி, இது 200 மைல் இழுக்கும்." 200 மைல் எண்டா 320 கிலோமீற்றர், பிதுருதலாகலயின்ர உச்சியில நிண்டு அனுப்பினாலே 216 க்கு மேல பூமி மறைக்குது, அன்ரனா எப்பிடி இழுக்கும்? நான் அதை அவருக்குச் சொல்லேல்ல, நீளக் கம்பியை அளக்க ஒரு ரேப் தாங்கோ அண்ணை எண்டு மட்டும் கேட்டன். பெட்டியில எழுதியிருக்கிறதை விட ரேப் உண்மை சொல்லும். அளந்து பாத்தா சுத்துற அன்ரனாவின்ர நீளமான கம்பியே ஒரு முழத்துக்குக் கிட்டத்தான். பின்னால மூலையில கிடந்த சாதாரண வீட்டு அன்ரனாவில முக்கால் மீற்றர் கம்பியும் இருந்தது, முன்னுக்குக் குட்டைக் கம்பிகளும் இருந்தது, அதை எடுத்திட்டன். அவரும் பிறகு சந்தோசமா, "இதுதான் ஊர்ப்பக்கம் போறது" எண்டு சொல்லி நல்ல நட்டும் நாலு தேடித் தந்தவர்.

பூஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும். கன பேர் நினைக்கிறது பூஸ்டர் கூடக் கூடப் படம் கூடத் தெளியும் எண்டு. பூஸ்டர் வாற சிக்னலையும் இரைச்சலையும் ஒண்டாத்தான் பெருக்கும், தன்ர பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேக்கும். பெரிய வீட்டில 20, 30 மீற்றர் கேபிள் ஓடுறபடியா அதில குறையிறதை முன்னுக்கே ஈடு செய்யத்தான் அன்ரனாவுக்குப் பக்கத்தில பூஸ்டர் வைக்கிறது. வான்ல 6 மீற்றர் கேபிள், ஆர்ஜி 6 எண்ட வகைக் கேபிள் எண்டா யூஎச்எஃப் இலயும் ஒரு டெசிபல் அளவுதான் குறையும், அதுக்குப் பூஸ்டர் தேவையே இல்லை. கொழும்புக்குள்ள நிக்கேக்க போட்டா கெடுதல், ரவர் கிட்ட இருக்கிறபடியா சிக்னல் அளவுக்கு மிஞ்சி ஒரு சனலுக்குள்ள இன்னொரு சனல் கோடு கோடா ஓடும். அதால பூஸ்டருக்கு ஒரு சுவிச் வச்சு, தூரத்தில நிக்கேக்க மட்டும் போடுறம். கடையில விக்கிற பூஸ்டர் கரண்டில குத்திற அடப்டரோட வரும், அடப்டரை உத்துப் பாத்தா கூடுதலா 12 வோல்ட்தான் வெளிய குடுக்கிறது எண்டு எழுதியிருக்கும், அப்பிடியெண்டா இன்வேட்டர் இல்லாமலே பற்றரியில இருந்து குடுக்கலாம், ஆனா சோலார் சாஜ் ஆகேக்க பற்றரி 14 வோல்ட்டுக்கு மேல போகும், அதால நடுவில ஒரு சின்ன ரெகுலேற்றரும் ஒரு பியூஸும் கட்டாயம்.

கேபிளில காசு மிச்சம் பிடிக்காதேங்கோ. 75 ஓம், ஆர்ஜி 6, நடுக்கம்பி செம்பு, மேல வலை நெருக்கமா இருக்கிறது. முனைக்குப் பூட்டுற எஃப் கொனெக்டர் திருகிற வகையை விட அமத்திப் பூட்டுற வகை நல்லம், வான் குலுங்கிற குலுக்கலுக்குத் திருகினது இளகும். வெளிய இருக்கிற மூட்டுக்குத் தன்னோட தான் ஒட்டிற றபர் ரேப் சுத்தோணும், சும்மா கறுத்த இன்சுலேசன் ரேப் எங்கட வெயிலில மூண்டு மாசத்தில பசையாகி வழியும். கேபிளுக்குள்ள தண்ணி ஒருக்கா இறங்கினா வலை பச்சையாகி சிக்னல் செத்துப் போகும், பிறகு கேபிளையே மாத்திறதுதான்.

கேபிளை உள்ள எடுக்கிற இடம்தான் உண்மையான வேலை. பின் கதவில நம்பர் பிளேற் லைற் வயர் போற றபர் வளையம் இருக்கு, அதுக்குள்ளால ஒரு கேபிள் நுழைக்கலாம், எங்கட வான்ல அப்பிடித்தான் போகுது. வெளிய கேபிளை ஒரு வளைவாக் கீழ தொங்க விட்டுத்தான் மேல எடுக்கோணும், அப்ப மழைத்தண்ணி அந்த வளைவின்ர அடியில சொட்டிப் போகும், கேபிளோட வழிஞ்சு உள்ள வராது.

கட்டாயம் கூரையில ஓட்டை போட வேண்டிய ஆக்கள் டிங்கரிங் பாஸ் (வாகனத் தகட்டு வேலை செய்யிறவர்) ஒராளைக் கூட்டிக் கொண்டு செய்யுங்கோ. துளைச்ச உடன தகட்டின்ர விளிம்பை அரத்தால தேச்சு, நாகம் (சிங்க்) கலந்த பிறைமர் அடிச்சு, அதுக்கு மேல பெயின்ற், அது காஞ்ச பிறகுதான் மற்ற வேலை. வெள்ளவத்தை மாதிரிக் கடல் காத்து அடிக்கிற இடத்தில வெறும் விளிம்பை ரெண்டு நாள் விட்டாலே கறள் தொடங்கும். சிலிக்கன் பூசேக்க மணந்து பாருங்கோ, வினாகிரி மணம் வந்தா அது இரும்பை அரிக்கிற வகை, வேண்டாம். வாகனத்துக்கெண்டு விக்கிற பொலியூரதேன் சீலன்ற் கேளுங்கோ. அமெரிக்காவில ஆர்விக் கூரைக்கு டைகோர் எண்டு தானே பரவி மட்டமாகிற சீலன்ற் பாவிக்கினம், கீழ பியூட்டைல் ரேப், மேல டைகோர், அந்த ரெண்டு அடுக்கு யோசனை இஞ்சயும் நல்ல யோசனைதான், சாமான் மட்டும் இஞ்ச கிடைக்கிறதில செய்யலாம். அலுமினியத்தில சும்மா இரும்பு போல்ற் போடக்கூடாது, உப்புக் காத்தில ரெண்டும் ஒண்டை ஒண்டு தின்னும். ஸ்ரெயின்லெஸ் போல்ற், நடுவில நைலோன் வாஷர், கொஞ்சம் கிறீஸ்.

எல்லாம் பூட்டி முடிஞ்சு முதல் தரம் போட்டுப் பாக்கேக்க யூஎச்எஃப் சனல் எல்லாம் நல்லா வந்தது, ரூபவாஹினியில மட்டும் படத்துக்கு மேல மெல்லிய புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி உள்ள எல்ஈடி லைற்றை நூத்தான், புள்ளி அரைவாசி போயிட்டுது. சோலார் கன்ட்ரோலரைக் கழட்டினம், மிச்சமும் போயிட்டுது. விலை குறைஞ்ச எல்ஈடி லைற், இன்வேட்டர், சாஜர் எல்லாம் உள்ளுக்கு வேகமா மாறி மாறி வேலை செய்யிறபடியா ரேடியோ இரைச்சல் கக்கும், அது வீஎச்எஃப் இல கூடுதலா விழும். வயர்களில இரைச்சலை அமத்திற பெரைற் வளையம் போட்டு, லைற்றை மாத்தினாப் பிறகு சுத்தமாயிட்டுது. ரீவியும் அடப்டரில 12 வோல்ட் எழுதியிருக்கிற சின்ன ரீவியா எடுத்தா இன்வேட்டரே தேவையில்லை, 24 இஞ்சிக்கு 30 வோட்ஸ் அளவு, மூண்டு மணித்தியாலம் பாத்தாலும் பற்றரியில 8 அம்பியர் அவருக்குள்ளதான் போகும்.

நிப்பாட்டிற இடத்தில நாங்கள் செய்யிறது இதுதான். முதல் பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பாக்கிறது, அங்கத்த அன்ரனா எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, கம்பி படுத்திருக்கா நிமிந்து நிக்குதா எண்டு. அந்த ஊர்க்காரர் வருசக் கணக்கா முயற்சி செய்து கண்டு பிடிச்சதை ஒரு நிமிசத்தில எடுத்துக் கொள்ளலாம், கம்பி படுத்திருந்தா எங்கடையும் படுக்கோணும், நிமிந்திருந்தா நிமித்தோணும். வீடே இல்லாத இடமெண்டா போனில திசைகாட்டி, அதையும் வானுக்குப் பக்கத்தில நிண்டு பாக்கக்கூடாது, இரும்பு திசையைப் பிழையாக் காட்ட வைக்கும், பத்தடி தள்ளி நில்லுங்கோ. பிறகு பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்ப, அப்பா உள்ளயிருந்து பாத்துச் சொல்லுவார், "காணும் பிள்ளை, உதில விடு" எண்டு. நிலாவெளியில கடற்கரை வெளி எண்டபடியா எதிர்பாத்ததை விட நல்லா வந்தது. கித்துல்கலயில ஆத்தங்கரைப் பள்ளத்தில ஒண்டும் வரேல்ல, மலை ரவருக்கு அவ்வளவு கிட்ட இருந்தும். நடுவில ஒரு மேடு நிண்டா கணக்கு எல்லாம் சரியா இருந்தாலும் படம் வராது, அந்த இரவு அப்பாவுக்கு ரேடியோதான். டிஷ் வச்சிருந்தா அப்பிடியான பள்ளத்திலயும் வரும், எங்கட நாட்டில அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலயே பாக்கிறபடியா, ஆனா மாசக் காசும் வேணும், பெரிய மழைக்கு அதுவும் நிக்கும்.

பைப் தூக்க முதல் தலைக்கு மேல பாருங்கோ, இதைக் கெஞ்சிக் கேக்கிறன். ரோட்டோரம் போற கரண்ட் லைன் 11,000, 33,000 வோல்ட்டும் இருக்கும், அலுமினியம் பைப் தொடக்கூடத் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். லைன் எங்கயெண்டு வடிவாத் தெரியாத இருட்டில தூக்கவே வேண்டாம். மார்ச், ஏப்ரலிலயும் ஒக்ரோபர், நவம்பரிலயும் பின்னேரத்தில இடி மின்னல் மழை வாற காலம், வானம் கறுக்கத் தொடங்கேக்கயே இறக்கி, கேபிளை ரீவியில இருந்து கழட்டி வைக்கோணும், மட்ச் எவ்வளவு முக்கியமான கட்டத்தில நிண்டாலும். வெளிக்கிடேக்க பைப்பை மறந்து போகாம இருக்க அமெரிக்காவில ஸ்ரியறிங்கில ஒரு அட்டை தொங்க விடுவினமாம், நாங்கள் பைப்பைப் பூட்டுற ஆணியையும் வான் திறப்பையும் ஒரே வளையத்தில போட்டிருக்கிறம், ஆணியைக் கழட்டாம திறப்பு வராது.

டிஜிற்றல் வந்தா இதெல்லாம் வீணா எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒரு மறுமொழி. இலங்கை ஜப்பானின்ர ஐஎஸ்டிபி-ரி முறையை எடுக்கிறதெண்டு 2014 இலயே முடிவெடுத்தது, நான் பாக்கிற சனல்கள் இன்னும் அனலொக்தான். ஜப்பானில அந்த முறை யூஎச்எஃப் இலதான் போகுது, இஞ்சயும் அப்பிடி வந்தா நீளக் கம்பிகளைக் கழட்டிப் போட்டு அன்ரனாவை அரைவாசியாக்கலாம், ஏணியில உள்ள பைப், கேபிள், பெரைற், சீலன்ற் எல்லாம் அப்பிடியே இருக்கும். ரீவிக்கு டிஜிற்றல் அலையை மாத்திக் குடுக்கிற செற் ரொப் பெட்டி ஒண்டு வேணும். அனலொக்கில சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மெல்ல மங்கும், டிஜிற்றலில ஒரு அளவு வரைக்கும் முழுப்படம், அதுக்குக் கீழ போனா கட்டம் கட்டமா உடைஞ்சு ஒண்டுமே இல்லை, அதால திசையை இப்ப திருப்பிறதை விடக் கவனமாத் திருப்ப வேண்டி வரும். முன் கண்ணாடியில ஒட்டியிருக்கிற ஜப்பான் ஸ்ரிக்கரை நான் இன்னும் உரிக்கேல்ல, அந்த நாள் வந்தா ஓடிக்கொண்டிருக்கேக்கயும் அது பிடிக்குதோ எண்டு பாக்கோணும்.